பெற்ற கடன்

மதுரையிலிருந்து கோடைக்கானலுக்குப் போகிறவர்கள் வத்தலக்குண்டில் இறங்கி ஒரு காப்பி குடிப்பார்கள். மேற்கே மலையில் மேகம் இறங்கியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். பிறகு பஸ் ஏறிவிடுவார்கள். அந்த ஊரை ஊராகப் பார்க்கிறவர்கள் குறைவு. என்னைப் போன்ற எழுத்துக்காரர்களுக்கு மட்டும் அந்தப் பெயரைக் கேட்டால் மனத்தில் ஒரு மரியாதை தோன்றும். 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜமய்யர் 1872-ல் பிறந்தது அங்கே. 'மணிக்கொடி' பி. எஸ். ராமையா பிறந்ததும் அங்கே. 'எழுத்து' நடத்திய சி. சு. செல்லப்பா வளர்ந்ததும் அங்கே. இத்தனை பேரைத் தமிழுக்குக் கொடுத்துவிட்டு, யாரிடமும் எதையும் திருப்பிக் கேட்காமல், அந்த ஊர் தன் பாட்டுக்கு வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக் கொண்டிருக்கிறது. வெற்றிலைக்குண்டு என்ற பெயர்தான் வத்தலக்குண்டு என்று மருவியது என்று ஊரார் சொல்வார்கள்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அங்கே ஒரு நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். முதல் நாள் இரவு, தூக்கம் வராத இரண்டு கிழவர்களும் உட்கார்ந்து ஒரு பழைய படம் பார்த்தோம். 'சியாம்சி ஆயி' என்ற மராத்திப் படம். 'சியாமின் தாய்' என்று பொருள். ஆசார்ய ஆத்ரே 1953-ல் எடுத்தது. தேசியத் திரைப்பட விருதுகள் தொடங்கிய முதல் வருஷமே ஜனாதிபதியின் தங்கப் பதக்கத்தைப் பெற்ற படம் அது. 2023-ல் அதே கதையை மறுபடியும் படமாக எடுத்திருக்கிறார்கள். மராத்தி வீடுகளில் அந்தக் கதையைப் படிக்காத தலைமுறை இல்லை என்று சொல்வார்கள்.

கதையில் பெரிய சம்பவங்கள் இல்லை. கொங்கணத்துக் கிராமம் ஒன்று. நல்ல நிலையில் இருந்து தாழ்ந்துபோன குடும்பம். கடன்காரன் வாசலில் வந்து நிற்கிறான். அந்த வீட்டில் ஒரு தாய் தன் பிள்ளையை வளர்க்கிறாள், அவ்வளவுதான். குளித்துவிட்டு நிற்கும் சிறுவன், கால் வைத்தால் உள்ளங்காலில் மண் ஒட்டும் என்று அடம் பிடிக்கிறான். தாய் தன் சேலைத் தலைப்பைத் தரையில் விரிக்கிறாள். அதன்மேல் கால் வைத்து அவன் நடக்கிறான். உள்ளங்காலில் அழுக்குப் படக்கூடாது என்று இத்தனை கவலைப்படுகிறாயே, மனசிலும் படாமல் பார்த்துக்கொள் என்று அவள் சொல்கிறாள். நீந்தப் பயந்து ஒளிந்துகொள்ளும் அதே பிள்ளையை அடித்துக் கிணற்றுக்கு அனுப்பியவளும் அவளேதான் என்று மூலக் கதையில் வருகிறது. கடைசியில், வெளியூரில் படிக்கும் பிள்ளை வந்து சேர்வதற்கு முன்னால் அவள் கண்ணை மூடிவிடுகிறாள்.

படம் முடிந்ததும் நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக் கொண்டார். நானும் துடைத்துக் கொண்டேன். "அந்தக் காலத்துத் தாயார்கள்!" என்றார் அவர். "அந்தக் காலத்துப் பிள்ளைகள்!" என்றேன் நான். இருவரும் திருப்தியோடு தூங்கப் போனோம். இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துவிட்டு அழுவதில் ஒரு சுகம் இருக்கிறது. நாம் நல்லவர்கள் என்று நமக்கு நாமே செலவில்லாமல் சான்றிதழ் கொடுத்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் அந்தச் சான்றிதழை ஒருவர் வந்து கிழித்துப் போட்டார்.

அவர் நண்பரின் தோட்டத்துக்கு அடுத்த கொடிக்காலை வைத்திருந்தவர். வயது எழுபத்தாறு. முழங்காலைப் பிடித்துக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்தார். அவருக்குத் துணையாக வந்த மகள் சற்றுத் தள்ளி, தூணருகே நின்றாள்.

"தம்பி எழுத்து வேலை பாக்கிறவுகன்னு சொன்னாக. எனக்கு ஒரு மனு எழுதணும். திண்டுக்கல்லு கோட்டாட்சியருக்கு" என்றார்.

"என்ன மனு, பெரியவரே?"

"எம் மகன் மேல."

விஷயம் புதிதல்ல. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் என்று ஒன்று 2007-ல் வந்தது. தன் வருமானத்தாலோ சொத்தாலோ தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத தாயோ தந்தையோ, பிள்ளைகளிடமிருந்து மாதாமாதம் பராமரிப்புத் தொகை கேட்டு மனுக் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் தலைமையிலுள்ள தீர்ப்பாயம் அதை விசாரிக்கும். மாதம் பத்தாயிரம் ரூபாய் வரையில் கொடுக்கும்படி உத்தரவிட அந்தச் சட்டம் இடம் தருகிறது. வக்கீல் வைக்காமல் பெரியவர்களே நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்பது அதன் நோக்கம்.

மகன் சென்னையில் இஞ்சினீயர். வீட்டுக் கடன் கட்டுகிறான். தன் பையனைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறான். மூன்று வருஷம் வரையில் மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டுதான் இருந்தானாம். ஒரு நாள் சம்பந்தி வீட்டார் முன்னிலையில் ஏதோ பேச்சு வந்தது. பெரியவர், "இவனைப் படிக்கவைக்க நான் பட்ட பாடு உங்களுக்கு என்ன தெரியும்?" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிக் காட்டிவிட்டார். மகன் தலையைக் குனிந்துகொண்டு எழுந்து போனான். அன்றிலிருந்து பணமும் நின்றது; பேச்சும் நின்றது.

பெரியவர் மடியிலிருந்து கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்தார். வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். மகனை மதுரையில் ஹாஸ்டலில் சேர்த்த செலவு. கல்லூரிக்காக விற்ற ஐம்பது சென்ட் கொடிக்கால். அடகு வைத்து மீட்க முடியாமற்போன, காலஞ்சென்ற மனைவியின் சங்கிலி. எருமை. வாங்கிய கைமாற்று. பதினெட்டு இனங்கள் இருந்தன.

"இது அத்தனையும் மனுவுல வரணும் தம்பி. ஒண்ணு விடப்படாது. கோட்டாட்சியரு படிச்சா அழணும்" என்றார்.

நான் பேனாவை எடுத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு உற்சாகமாகவே இருந்தது. முந்தின இரவு பார்த்த படத்தின் கண்ணீர் இன்னும் காயவில்லை. பதினெட்டு இனங்களையும் வைத்துக்கொண்டு கல்லும் கரையும்படி எழுதிவிடலாம் என்று ஓர் எழுத்தாளனுக்குரிய ஆசை எழுந்தது. முதல் வரியை எழுதத் தொடங்கினேன்.

அப்போது தூணருகே நின்ற அந்த அம்மாள், குரலை உயர்த்தாமல், "அண்ணே, அதுல எட்டாப்பையும் சேத்துக்கங்க" என்றாள்.

"எட்டாப்பா?"

"நான் எட்டாவதோட நின்னது. தம்பிய மதுரைக்கு அனுப்பின வருசம். வெத்தல அடுக்க வந்துகிட்டிருந்த ஆளுக்குக் கூலி குடுக்க முடியலன்னு என்னய நிறுத்திட்டாக. கணக்குல நூத்துக்குத் தொண்ணூறு வாங்கிக்கிட்டிருந்தேன்."

பெரியவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன். வரவில்லை. "அது செலவு இல்லையே ஆத்தா" என்றார், ஒரு மாதிரி விழித்தபடி.

"ஆமா, செலவு இல்ல" என்றாள் அவள்.

நூறு வெற்றிலை அடுக்கினால் ஒரு கவுளி. கணக்கில் கெட்டிக்காரியான அந்தச் சிறுமி, பள்ளிக்கூடத்தில் எண்ண வேண்டியதை விட்டுவிட்டு, கொடிக்கால் நிழலில் உட்கார்ந்து நூறு நூறாக வெற்றிலையை எண்ணி அடுக்கியிருக்கிறாள். இன்றைக்கு ஐம்பதை நெருங்குகிற வயதில், கணவன் வேன் ஓட்டிக் கொண்டுவருகிற வருமானத்தில், தினமும் இரண்டு வேளை தகப்பனாருக்குச் சோறு கொண்டுவந்து கொடுத்துக் கொண்டிருக்கிறவளும் அவள்தான். பதினெட்டு இனங்களில் அவள் இல்லை.

பேனா என் கையிலேயே நின்றுவிட்டது. ஆனால் அதற்குள் பெரியவரின் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

தமிழில் 'கடன்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதற்கு இரண்டு பொருள். ஒன்று, செய்ய வேண்டிய கடமை. மற்றொன்று, வாங்கித் திருப்பித் தர வேண்டிய பணம். மாலைக் கடன் என்கிறோம். மார்வாடிக் கடன் என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே சொல்லாக இருப்பதால் நம் வீடுகளில் நேர்ந்திருக்கிற குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல. முதல் பொருளில் செய்ததை இரண்டாவது பொருளில் வசூலிக்கப் பார்க்கிறோம்.

புறநானூற்றில் பொன்முடியார் என்ற பெண்பாற் புலவர் பாடிய பாட்டு ஒன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பெற்று வளர்ப்பது தாயின் கடன் என்று தொடங்கி, தந்தை, கொல்லன், அரசன் என்று ஒவ்வொருவருக்கும் உரிய கடனை வரிசையாகச் சொல்கிற பாட்டு அது. கடைசியில் மகனுடைய கடனும் வருகிறது. அது என்ன? போர்க்களத்துக்குப் போய் யானையை வீழ்த்தி மீள்வது. தாய்க்கு இவ்வளவு, தந்தைக்கு இவ்வளவு என்று மகன் திருப்பித் தரவேண்டியது எதுவும் அங்கே பேசப்படவில்லை. ஒவ்வொருவரும் தமக்குரியதைச் செய்கிறார்கள். செய்தது அடுத்தவர் கைக்குப் போகிறது. அவர் தமக்குரியதைச் செய்கிறார். ஆறு முன்னோக்கி ஓடுவதுபோல் அந்தக் கடன் முன்னோக்கிப் போகிறது. போர்க்களம் நமக்கு வேண்டாம். ஆனால் அந்தப் போக்கு கவனிக்கத் தக்கது.

வள்ளுவரும் இதே இடத்தில் மிகவும் எச்சரிக்கையாக இருக்கிறார். மக்கட்பேறு என்ற அதிகாரத்தில் தந்தை மகனுக்குச் செய்வதை 'நன்றி' என்கிறார்; மகன் தந்தைக்குச் செய்வதை 'உதவி' என்கிறார். இரண்டையும் எடை போட்டுச் சரிக்கட்டவில்லை. தந்தை செய்ய வேண்டியது, கற்றவர் கூடிய அவையில் மகன் முன்னால் இருக்கும்படி செய்வது. மகன் செய்ய வேண்டியது, இவனைப் பெற இவன் தகப்பன் என்ன தவம் செய்தானோ என்று ஊர் சொல்லும்படி நடந்துகொள்வது. கவனியுங்கள்: அந்த வார்த்தையை ஊர் சொல்ல வேண்டும். தகப்பனே சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பதை வத்தலக்குண்டுப் பெரியவர் சம்பந்தி வீட்டார் முன்னிலையில் கண்டுகொண்டார்.

செய்ததைச் சொல்லிக் காட்டியதும் தியாகம் வியாபாரமாகிவிடுகிறது. வியாபாரம் என்று வந்துவிட்டால் எதிராளிக்கும் பேரம் பேச உரிமை வந்துவிடும். "உங்களை யார் செய்யச் சொன்னது?" என்று பிள்ளை கேட்டுவிட்டால், அந்தக் கேள்வி கொடூரமானதுதான்; ஆனால் வியாபார நியாயப்படி அதற்குப் பதில் இல்லை. பிறக்கும்போது அவன் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடவில்லை. தான் கேட்டு வாங்காத கடனுக்கு வட்டி கட்டச் சொன்னால் மனிதனுக்கு நன்றி தோன்றாது, எரிச்சல்தான் தோன்றும். கட்டி முடிக்கவே முடியாத கடன் என்று தெரிந்தவுடன் கடன்காரனை வீதியில் கண்டால் ஒளிந்துகொள்கிற புத்தி வந்துவிடுகிறது. மகன் பேச்சை நிறுத்தியதற்குக் காரணம் கல் நெஞ்சு என்று நான் நினைக்கவில்லை. அவன் ஒளிந்துகொண்டிருக்கிறான்.

அப்படியானால், பெற்றவர்கள் பட்ட பாடு எல்லாம் வீணா? அதற்கு ஈடு என்பதே இல்லையா?

இந்த இடத்தில் முந்தின இரவு பார்த்த சியாமின் கதை வேறு ஒரு வெளிச்சத்தில் எனக்குத் தெரியத் தொடங்கியது. சியாம் வேறு யாருமல்ல. அந்தக் கதையை 1933-ல் நாசிக் சிறையில் உட்கார்ந்து எழுதிய சானே குருஜியேதான். கொங்கணத்துப் பால்கட் கிராமத்தில் 1899-ல் பிறந்தவர். 1917-ல் தாயை இழந்தார். அந்தத் தாய்க்கு அவர் ஒரு காசு சம்பாதித்துக் கொடுத்ததில்லை. ஒரு நாள் வைத்துக் காப்பாற்றியதில்லை. கடன் என்று பார்த்தால் ஒரு தம்பிடி கூடத் திரும்பவில்லை.

ஆனால் அந்தக் கதையில் ஓர் இடம் வருகிறது. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த கிழவி ஒருத்தி விறகுச் சுமையோடு தள்ளாடி விழுகிறாள். தொடக்கூடாதென்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். சியாமின் தாய், போய்ச் சுமையைத் தூக்கிவிடு, வந்து குளித்துக்கொள்ளலாம் என்று பிள்ளையை அனுப்புகிறாள். 'குளித்துக்கொள்ளலாம்' என்ற அந்த வார்த்தை அவள் காலத்தின் எல்லை. அதற்கு மேல் அவளால் போக முடியவில்லை. பாதித் தூரம் நடந்தாள். மீதித் தூரத்தை மகன் நடந்தான். பண்டரிபுரம் விட்டலன் கோயிலில் ஹரிஜனங்களை அனுமதிக்க வேண்டுமென்று 1947 மே மாதத்தில் சானே குருஜி உண்ணாவிரதம் இருந்தார். கோயில் கதவு திறந்தது. தாய் விரித்த சேலைத் தலைப்பின்மேல் நடந்த கால், கடைசியில் போய்ச் சேர்ந்த இடம் அது.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை. தமக்கென்று பிள்ளை இல்லை. அமள்நேர் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஊரார் பிள்ளைகளுக்குத் தாயாக நடந்துகொண்டார். நமக்கு நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. சுதந்திரப் போராட்டத்தில் திருச்சிச் சிறையில் அடைபட்டிருந்தபோது தமிழ் கற்று, திருக்குறளை மராத்தியில் மொழிபெயர்த்தவர் அவர். மகன் தந்தைக்குச் செய்யும் உதவியைப் பற்றிய குறளை மராத்தியில் எழுதும்போது அவர் கை சற்று நின்றிருக்கும் என்று நான் கற்பனை செய்துகொள்கிறேன். வாங்கிய இடத்தில் திருப்பிக் கொடுக்க முடியாமற்போனதை அவர் வேறு இடத்தில் கொடுத்தார். தாயின் கணக்கு அப்படித்தான் நேராயிற்று.

அந்தப் படம் வந்த அதே 1953-ல் ஜப்பானில் ஓஸு என்ற டைரக்டர் 'டோக்கியோ கதை' என்று ஒரு படம் எடுத்தார். வயதான தாயும் தகப்பனும் பிள்ளைகளைப் பார்க்கப் பட்டணத்துக்கு வருகிறார்கள். பிள்ளைகள் கெட்டவர்கள் அல்லர்; வேலை இருக்கிறது, இடம் இல்லை, நேரம் இல்லை. போரில் மாண்டுபோன மகனின் மனைவிதான் லீவு போட்டு அவர்களை ஊர் சுற்றிக் காட்டுகிறாள். அந்தப் பெரியவர்கள் அவளுக்காக எந்த நிலத்தையும் விற்றவர்கள் அல்லர். எங்கே போட்டதோ அங்கே விளைவதில்லை. போடாத இடத்தில் விளைகிறது. மராத்தி நாட்டிலும் ஜப்பானிலும் வத்தலக்குண்டிலும் இந்த வேடிக்கை ஒன்றுபோலத்தான் நடக்கிறது.

ஆனால் 'போடாத இடம்' என்று சொல்லிவிட்டு நான் சும்மா இருந்துவிட முடியாது. அந்த எட்டாம் வகுப்பு குறுக்கே நிற்கிறது. ஜப்பானிய மருமகளிடம் யாரும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. இந்த மகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

பெற்றோரின் தியாகம் என்று நாம் போற்றுகிறோமே, அதில் எத்தனை பங்கு பெற்றோருடையது? தம்முடையதைக் கொடுத்தால் அது தியாகம். மற்றொருவருடையதை எடுத்துக் கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? பெரியவர் நிலத்தை விற்றார், அது அவருடையது. பசியைப் பொறுத்தார், அதுவும் அவருடையது. மகளின் பள்ளிக்கூடம் அவருடையது அல்ல. அவளை அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. அவர் கெட்டவர் என்பதால் அல்ல. தம் வீட்டில் உள்ள எல்லாமே தம் கையால் கொடுக்கத் தக்கவை என்று அவர் தலைமுறை நம்பியிருந்தது.

இந்தக் குழப்பம் கொடிக்கால்காரருக்கு மட்டும் உரியதென்று நினைக்க வேண்டாம். வத்தலக்குண்டிலிருந்து ஏறுகிற அதே மலையின் உச்சியில், 1901-ல் அமெரிக்க மிஷனரிகளின் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அது இன்றும் கோடைக்கானலில் சர்வதேசப் பள்ளியாக நடக்கிறது. சமவெளியின் வெயிலிலும் நோயிலும் ஊழியம் செய்த பெற்றோர் தங்கள் சிறு குழந்தைகளை மலைக்கு அனுப்பிவிட்டுப் பிரிவைச் சகித்தார்கள். அது தியாகந்தான். ஆனால் மலையில் இரவுக் குளிரில் தாயை நினைத்துக்கொண்டு படுத்திருந்த ஏழு வயதுக் குழந்தையும் அந்தப் பிரிவைச் சகித்தது. அதன் பங்கை யார் எந்த நோட்டில் எழுதினார்கள்? பெரியவர்கள் செய்கிற தியாகத்துக்குள் சொல்லப்படாத ஒரு சிறியவரின் தியாகம் பல சமயங்களில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

திண்ணைக்குத் திரும்புவோம். நெடுநேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் எனக்குத் தெரிந்த சட்டத்தைச் சொன்னேன்.

"பெரியவரே, நீங்க பட்ட பாட்டைச் சட்டம் கேட்கவே கேட்காது. பெற்றவர் நிலத்தை விற்றாரா, சங்கிலியை அடகு வைத்தாரா என்று அதில் ஒரு வார்த்தை கிடையாது. உங்களால் உங்களைக் காப்பாற்றிக்கொள்ள முடிகிறதா, முடியவில்லையா என்பதுதான் கேள்வி. ஒன்றுமே செய்யாத தகப்பனுக்கும் இதே உரிமை உண்டு."

"ஒண்ணுமே செய்யாதவனுக்குமா?" என்றார் அவர், ஏமாற்றத்தோடு.

"ஆமாம். இன்னொன்றும் உண்டு. பிள்ளை என்றால் மகன் மட்டும் இல்லை. மகளும்தான். சட்டப்படி இந்த அம்மாவுக்கும் அதே பொறுப்பு உண்டு."

பெரியவர் பதறிப்போனார். "இவ மேல மனுவா? என்ன தம்பி பேசுறீக! தெனம் சோறு போடுறவ."

அந்த அம்மாள் அன்று முதன்முறையாகச் சிரித்தாள். "அட, சட்டத்துக்காச்சும் நானும் புள்ளன்னு தெரிஞ்சிருக்கே" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தச் சிரிப்பை அவள் தகப்பனாரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் நோட்டுப் புத்தகத்தை மூடினார். மூடியதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தடவிக் கொண்டிருந்தார். பிறகு, "மூணாப்புல இருந்தே இவ கணக்குல கெட்டிதான்" என்றார், என்னைப் பார்த்து. அவளிடம் நேராகச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. என்னிடம் சொல்லி அவள் காதில் விழச் செய்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காய்ந்து கிடந்த வாசலைப் பார்த்தாள்.

முப்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு வந்த அந்த ஒற்றை வார்த்தைக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் பணம் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தைத் திருப்பிக் கேட்கவில்லை. நடந்தது நடந்தது என்று ஒருவர் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. தகப்பனாருக்கும் உள்ளுக்குள் வேண்டியது அதேதான் என்று அப்போது புரிந்தது. பதினெட்டு இனங்களையும் வரிசை போட்டு எழுதியது மாதம் சில ஆயிரம் ரூபாய்க்காக அல்ல. "அப்பா, நீங்க பட்டது எனக்குத் தெரியும்" என்று மகன் ஒரு தரம் சொல்லியிருந்தால் அந்த நோட்டுப் புத்தகமே பிறந்திராது.

ஆகவே நான் கண்ட முடிவு இது. முதுமையில் தாய் தகப்பனுக்குச் சோறு போடுவது கடன் தீர்ப்பதாகாது. அவர்கள் நமக்கு எதுவும் செய்யாவிட்டாலும், அவர்களால் முடியாதபோது நம்மால் முடிகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் போட வேண்டிய சோறு அது. சட்டம் இந்த மட்டும் சரியாகவே பார்த்திருக்கிறது. அவர்கள் நமக்காக இழந்ததற்கு வேறு ஒன்று தர வேண்டியிருக்கிறது. அது பணத்தில் இல்லை, தீர்ப்பாயத்தால் வாங்கித் தரவும் முடியாது. யார் யார் எதை எதை இழந்ததால் நாம் இந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைத் தெரிந்துகொள்வது. தெரிந்துகொண்டதை அவர்கள் காது கேட்கிற காலத்திலேயே சொல்வது. பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு: கொடுப்பதற்கு முன்னால், கொடுப்பது நம்முடையதுதானா என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மனு எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம் கூட வரவில்லை. வயது, முழங்கால் வலி, கொடிக்கால் வருமானம் நின்றுபோனது, மாதம் மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆகிற தொகை. படித்தால் யாரும் அழமாட்டார்கள். பெரியவர் அதை மடித்து நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். "மொதல்ல அவனுக்கு ஒரு போன் போட்டுப் பாக்கிறேன். கணக்கு எதும் சொல்லாம. அதுக்கும் ஒண்ணும் நடக்கலன்னா இதக் குடுக்கிறேன்" என்றார். மகள் கையைக் கொடுத்து அவரை எழுப்பினாள். இருவரும் வெயிலில் மெதுவாக நடந்து போனார்கள். அவர் போன் செய்தாரா, மனுவைக் கொடுத்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று மாலை நான் மலைக்குப் போகவில்லை. எனக்கும் ஓர் அக்காள் இருக்கிறாள். நான் காலேஜில் சேர்ந்த வருஷம் அவள் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் பணம் கட்டவில்லை. ஏன் என்று அப்போது கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. நாற்பது வருஷமாகக் கதைகளில் தாய்மார்களின் தியாகத்தை எழுதிக் கைதட்டல் வாங்கியவன் நான். ஒரு கதையிலும் அவள் இல்லை. நண்பர் வீட்டு மாடியில் நின்று அவளுக்குப் போன் செய்தேன்.

"அக்கா, நீ எஸ்.எஸ்.எல்.சி.க்குப் பணம் கட்டலியே, அது எனக்காகத்தானே?" என்று கேட்டேன்.

மறுமுனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"பதினாறு ரூபாடா" என்றாள் அக்காள்.

இத்தனை வருஷத்துக்கும் பிறகு தொகை அவளுக்கு மறக்கவில்லை.